புதைத்த இடத்தைச் சொல்லுங்கள்

நடு இந்தியக் காடுகளில் இன்னும் ஆயுதத்தோடு இருக்கிற மாவோயிஸ்டுகளுக்கும், ஆயுதத்தை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தவர்களுக்கும்,

நானும் கண்ணிவெடி புதைத்தவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் சாப்பராக, அதாவது கண்ணி புதைக்கவும் எடுக்கவும் செய்கிற வீரனாக, இருந்தேன். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தாக்குதல் நடந்ததும் படைகளை எல்லைக்கு நகர்த்தினார்கள். அந்தக் குளிரில் ராஜஸ்தான் மணலில் வரிசை பிடித்துக் கண்ணி புதைத்த எத்தனையோ கைகளில் என் கையும் உண்டு. அதனால் உங்களைக் காட்டுமிராண்டிகள் என்று திட்ட எனக்கு வாய் வராது. அந்த வேலையைச் செய்த ஒருவன், அதே வேலையைச் செய்த உங்களுக்கு எழுதுகிறேன். அப்படி நினைத்துப் படியுங்கள்.

2025 அக்டோபர் 17ஆம் தேதி சத்தீஸ்கரின் ஜகதல்பூரில் உங்களில் 210 பேர் 153 ஆயுதங்களை ஒப்படைத்தீர்கள். திசையன்விளைப் பக்கம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏகே 47 இத்தனை, எஸ்எல்ஆர் இத்தனை என்று வகை பிரித்து எண்ணிச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த அண்ணன் மகன் கேட்டான்: “சித்தப்பா, மண்ணுக்குள்ள கெடக்கதை யாரு எண்ணுனா?”

அவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. அதற்குப் பிறகு வந்த செய்திகளிலும் தேடிப் பார்த்தேன். துப்பாக்கிக் கணக்கு இருந்தது, பரிசுத்தொகைக் கணக்கு இருந்தது. புதைத்த இடங்களின் பட்டியல் என்று ஒன்றை நான் எங்கேயும் பார்க்கவில்லை.

அவன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் அண்ணன் பனையேறி. பங்குனி தொடங்கி ஆடி வரை ஒரு நாளைக்கு இரண்டு தரம், சில மரங்களுக்கு மூன்று தரம் ஏறி இறங்கினால்தான் கலயம் நிறையும், அடுப்பில் பதனீர் கொதிக்கும். தளைநார் அழுத்தி அழுத்தி அவர் பாதத்தின் மேல்பக்கம் மாட்டுத்தோல் மாதிரி காய்த்துப் போயிருக்கிறது. எங்களுடையது காலை நம்பிப் பிழைத்த குடும்பம். மகனும் மரம் ஏறக் கூடாது என்றுதான் அவனைத் துணை ராணுவத்துக்கு அனுப்பினார். எங்கள் பக்கத்துப் பையன்களுக்குப் போலீஸ், பட்டாளம் இரண்டும்தானே கைக்கு எட்டுகிற வேலை. அவன் யாரையும் அடக்கி ஆளப் போகவில்லை. மாதச் சம்பளத்துக்குப் போனான்.

2023 பங்குனியில் ஒரு காட்டுப் பாதையில் முன்னால் இரண்டு பேர் நடந்து போன தடத்திலேயே மூன்றாவதாகக் கால் வைத்தான். முன்னால் போனவர்களுக்கு வெடிக்கவில்லை. அவனுக்கு வெடித்தது. யார் புதைத்தது, எந்த வருஷம் புதைத்தது, எந்தக் குழு என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்படவும் இல்லை. உங்கள் மேல் அவனுக்குப் பகை இருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் கேட்டதற்கு, “எனக்குச் சம்பளம் குடுத்தாவ, நான் போனேன். அந்தப் பொம்பளைக்கு யாரு குடுத்தா?” என்றான்.

அந்தப் பொம்பளை என்று அவன் சொன்னது செயற்கைக்காலுக்கு அளவெடுக்கப் போன இடத்தில் பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஒரு ஆதிவாசிப் பெண்ணை. அவளுக்கு நாற்பது வயது இருக்கும். அவள் மொழி இவனுக்குத் தெரியாது, இவன் மொழி அவளுக்குத் தெரியாது. இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த இந்தியில் பேசியிருக்கிறார்கள். நம் இலுப்பைக்குச் சொந்தமான மகுவா மரத்தின் பூ விடியற்காலையில்தான் உதிரும். வெயில் ஏறும் முன்னால் பொறுக்கியாக வேண்டும். ஒரு பருவத்துப் பூவில்தான் உப்பு, எண்ணெய், துணி எல்லாம். இருட்டோடு கூடையை எடுத்துக்கொண்டு போனவள் கண்ணியை மிதித்துவிட்டாள். அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று ஊருக்குள் சொல்லியிருந்தார்களாம். அவள் சொன்ன பதிலை அண்ணன் மகன் என்னிடம் இந்தியிலேயே சொல்லிக் காட்டினான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “மரம் அந்தப் பக்கம்தானே நிற்கிறது?”

அவளுக்காகத்தான் சண்டை போடுகிறோம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நீங்கள் அவளுக்குக் கொடுத்தது ஒரு எச்சரிக்கை மட்டும்தான். 2025 ஏப்ரலில் தெலங்கானா, சத்தீஸ்கர் எல்லையில் உள்ள கர்ரேகுட்டா மலையில் பாதுகாப்புக்காக வெடிகுண்டுகள் வைத்திருக்கிறோம், யாரும் மலைக்கு வர வேண்டாம் என்று உங்கள் தரப்பில் ஓர் அறிக்கை வந்தது. மலைமேல் சுள்ளி பொறுக்குகிறவள், மாடு தேடிப் போகிறவன், மூங்கில் வெட்டுகிறவன் எல்லாம் அந்த ஒற்றைத் தாளோடு மலையை மறந்துவிட வேண்டுமா? அந்த மலையில் மே மாதம் வரை நடந்த தேடுதலில் மட்டும் 450 வெடிகுண்டுகள் எடுத்ததாக அரசுத் தரப்பில் சொன்னார்கள். எடுத்தது 450 என்றால் எடுக்காதது எத்தனை? அது உங்களுக்குத்தான் தெரியும். உங்களில் சிலருக்கு மட்டும்தான் தெரியும்.

எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் புதைத்ததில் ஒரு வகை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எங்கள் ஊர்ச் சில்லுக்கருப்பட்டி அளவுதான் இருக்கும். எடை சுமார் 100 கிராம், மேலெல்லாம் பிளாஸ்டிக். 9 கிலோவிலிருந்து 16 கிலோ வரை பாரம் ஏறினால் போதும். மூன்று வயதுப் பிள்ளை அவ்வளவு கனம் இருக்கும். வளர்ந்த ஆட்டுக்குட்டி அதைவிடக் கூட இருக்கும். அதை வைக்கும்போது எங்களிடம் வரைபடம் இருந்தது. எந்த ஆப்பிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை, எத்தனை வரிசை என்று ஒவ்வொன்றையும் எழுதித்தான் வைத்தோம். 2002 அக்டோபரில் படைகளைத் திருப்பும் முடிவு வந்தது. அப்புறம் எடுக்கப் போனோம்.

நான் தேரி என்கிற செம்மணல் மேட்டில் பிறந்தவன். ஆடிக் காற்றில் தேரி இடம் மாறும் என்பது எங்கள் ஊர்ச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நேற்று மேடாக இருந்தது இன்று பள்ளம், நேற்று நடந்த தடம் இன்று இல்லை. ராஜஸ்தான் மணலும் அதே குணம்தான். வரைபடம் காட்டிய இடத்தில் குப்புறப் படுத்து, நீளக் கம்பியைச் சாய்வாக விரல் விரலாகக் குத்திக்கொண்டே போவோம். காலையிலிருந்து மத்தியானம் வரை குத்தினால் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம்தான் முடியும். எங்கள் பகுதியில் கடைசியாகக் கூட்டிப் பார்த்தபோது கணக்கில் ஒன்று இடித்தது. அந்த ஒன்றைத் தேடிப் பதினோரு நாள் படுத்தோம். கடைசியில் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒன்பது அடி தள்ளி, ஒரு முள்செடியின் வேருக்கடியில், ஒருக்களித்துக் கிடந்தது. என் கைக்குத்தான் அது தட்டுப்பட்டது. இப்போதும் சில ராத்திரி அந்த முனை தட்டிய சத்தம் விரலில் வந்துபோகும்.

வரைபடம், கருவி, ஆள்பலம், டாக்டர், ஜீப் எல்லாம் இருந்த எங்களுக்கு ஒன்றே ஒன்றை எடுக்கப் பதினோரு நாள் ஆனது. அப்படியெல்லாம் பார்த்துச் செய்தும், அந்த எல்லையோர வயல்களில் விவசாயிகளுக்குக் கால் போனது, ஆடுமாடு செத்தது, எடுக்கப் போன சாப்பர்களுக்கும் போனது. உங்களுடையது டிபன் டப்பாவிலும் குக்கரிலும் அடைத்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். வைத்தவன் ஒரு மரத்தை, ஒரு பாறையை மனசில் அடையாளம் வைத்திருப்பான். மழைக்கு அந்த மரம் விழுந்துவிட்டால் அடையாளமும் போயிற்று. அவனே இறந்துவிட்டால்?

இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கிற மறுவாழ்வு முகாம்கள் எங்கள் மாவட்டத்திலும் உண்டு. நாங்கள் கண்ணிவெடி என்போம், அவர்கள் மிதிவெடி என்பார்கள். அங்கே வன்னிக்காரப் பெரியவர் ஒருவரோடு எனக்குப் பல வருஷப் பழக்கம். போர் முடிந்த பிறகு சொந்தக் காணிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பியவர் வேலிக்கு வெளியே சிவப்புப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். “போட்டவனும் செத்துப்போனான் தம்பி, போட்ட இடமும் அவனோட போயிட்டுது” என்றார். இரண்டு தரப்பும் போட்டதுதான். 2009 மே மாதம் சண்டை ஓய்ந்தது. 2017 டிசம்பரில் இலங்கை அரசு கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஆனாலும் முகமாலை மாதிரி இடங்களில் பெண்கள் முழங்காலிட்டு மண்ணைச் சுரண்டி எடுக்கிற வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தமிழர் நிலத்தில் தமிழர் பட்ட பாடு இது. உங்கள் காட்டில் சண்டை அடங்கி வருகிற இந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்?

உங்கள் பதில் எனக்குத் தெரியும். அரசுகள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்துக்கு நாங்கள் ஏன் கட்டுப்பட வேண்டும், இந்திய அரசே அந்தக் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில், அதாவது ஒட்டாவா ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போடவில்லையே என்பீர்கள். உண்மைதான், போடவில்லை. 1997இல் வந்து 1999 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தில் 160க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தும் நம் நாடு சேரவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. 2025இல் எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஐந்தும் விலகுவதாக முடிவெடுத்தபோது அந்த வருத்தம் கோபமாகவே ஆனது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நம் நாடு 1999இல் ஏற்றுக்கொண்ட இன்னொரு நெறிமுறை இருக்கிறது. கண்ணி வைத்தால் பதிவு வைக்க வேண்டும், கருவிக்கு அது குறைந்தது 8 கிராம் இரும்பு போலத் தட்டுப்பட வேண்டும், சண்டை முடிந்தால் எடுத்துவிட வேண்டும். நான் புதைத்தபோது என் கையைக் கட்டிய விதிகள் அவை. அந்த விதி இல்லையென்றால் என் பதினோரு நாள் பதினோரு வருஷம் ஆகியிருக்கும். உங்கள் கையைக் கட்டியது எது?

அரசு இல்லாதவர்களும் கட்டுப்படலாம் என்பதற்கு உதாரணம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. ஜெனீவா கால் என்ற அமைப்பு 2000ஆம் ஆண்டிலிருந்து ஆயுதக் குழுக்களோடு பேசி, ஆளை மிதிக்க வைத்துக் கொல்கிற கண்ணியைப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதிப் பத்திரம் வாங்குகிறது. 2003இல் நாகா அமைப்பான என்எஸ்சிஎன் ஐசக்-முய்வா பிரிவு அதில் கையெழுத்திட்டது. 2006இல் குக்கி தேசிய அமைப்பு கையெழுத்திட்டது. இரண்டும் நம் நாட்டில் ஆயுதம் ஏந்தியவை. கையெழுத்துப் போட்டதால் அவர்கள் தங்கள் கோரிக்கையை விட்டுவிடவில்லை. கண்ணியை மட்டும் விட்டார்கள். சூடானில் அரசை எதிர்த்துப் போராடிய எஸ்பிஎல்ஏ என்ற ஆயுதக் குழு 2001இல் கையெழுத்துப் போட்டது. அடுத்த இரண்டே வருஷத்தில் சூடான் அரசே தடை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. அரசுக்கு வழிகாட்ட ஆயுதக் குழுவாலும் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கொலம்பியாவில் நடந்ததைப் படித்தபோதுதான் இந்த மடலை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. அங்கே அரை நூற்றாண்டு சண்டை போட்ட ஃபார்க் அமைப்பும் அரசும் 2015 மார்ச்சில், சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்னாலேயே, கண்ணி எடுப்பதற்கு மட்டும் தனியாக ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். எல் ஒரேஹோன் என்ற மலைக்கிராமத்தில் முதலில் தொடங்கினார்கள். எங்கே வைத்தோம் என்று போராளிகள் காட்ட, படைவீரர்கள் எடுத்தார்கள். அப்புறம் ஆயுதத்தை விட்ட முன்னாள் போராளிகளே கண்ணி அகற்றும் அமைப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். எதிரெதிரே நின்றவர்கள் ஒரே மண்ணில் குனிந்து நின்றதை நினைத்துப் பாருங்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

2023ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கக் கண்ணிகளாலும் போர் விட்டுச்சென்ற வெடிபொருள்களாலும் செத்தும் காயப்பட்டும் போனவர்கள் 5,757 பேர் என்று கண்ணிவெடிக் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. அதில் யார் என்று தெரிந்தவர்களில் 84 சதவீதம் பொதுமக்கள். மகுவாப் பூ பொறுக்கப் போனவள் மாதிரி ஆட்கள்தான் அந்த 84.

சண்டையையே விடுங்கள் என்று கேட்கவும் எனக்கு ஆசைதான். இந்த மடலில் கேட்பது அதைவிடச் சின்னது.

காட்டில் இன்னும் இருப்பவர்களே, மிதித்தால் வெடிக்கிற எதையும் இனி ஒன்றுகூட வைக்காதீர்கள். குக்கரில் செய்தது, குழாயில் செய்தது, பேட்டரி வைத்தது என்று எதுவாக இருந்தாலும் வேண்டாம். யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் தானாக வெடிப்பது எதுவும் உங்கள் கையால் மண்ணுக்குள் போகக் கூடாது. இதை எழுத்தில் அறிவியுங்கள். அறிக்கை எழுத உங்களுக்குத் தெரியும், கர்ரேகுட்டாவுக்கு எழுதினீர்களே. உள்நாட்டுச் சண்டையிலும் ஆயுதம் ஏந்தாதவர்களைத் தொடக் கூடாது என்று 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் பிரிவு சொல்கிறது. அது அரசை மட்டும் கட்டுப்படுத்துகிற சட்டம் கிடையாது, உங்களையும் கட்டுப்படுத்தும்.

வெளியே வந்தவர்களே, உங்களிடம்தான் எனக்கு அதிகம் கேட்க இருக்கிறது. நினைவு இருக்கிற வரைக்கும் உட்கார்ந்து எழுதுங்கள். எந்த ஊர், எந்த ஓடை, எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், எத்தனை, எந்த வருஷம். நீங்கள் வைத்ததை மட்டும் எழுதினால் போதாது, கூட இருந்து பார்த்ததையும் எழுதுங்கள். இறந்துபோன தோழர் வைத்தது உங்களுக்குத் தெரிந்தால் அதையும் சேருங்கள், அதை இனிச் சொல்ல வேறு ஆள் இல்லை. அடுத்த மழைக்கு முன்னால் செய்யுங்கள். முடிந்தவர்கள் எடுக்கிறவர்களோடு போய் இடத்தைக் கை காட்டுங்கள். தொட வேண்டாம், காட்டினால் போதும்.

ஒன்றிய அரசுக்கும் அந்த மாநில அரசுகளுக்கும் இரண்டு வார்த்தை. இடத்தைச் சொல்கிறவன் அந்தச் சொல்லுக்காகவே வழக்கில் மாட்டுவான் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த வாக்குமூலத்தை அவர்களுக்கு எதிரான சாட்சியமாக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். சொன்ன இடங்களை ஊர்க்காரர்களின் மொழியிலேயே, கோண்டியிலும் ஹல்பியிலும், பலகை வைத்துத் தெரிவியுங்கள். என் அண்ணன் மகனுக்குக் கொடுத்த செயற்கைக்காலும் ஓய்வூதியமும் மாதிரி ஒரு வழி அந்தப் பெண்ணுக்கும் வேண்டும். ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேருங்கள். புதைத்தவன் கேட்கிறேன்.

நெல்லையிலும் மதுரையிலும் சென்னையிலும் ஆதிவாசிகளுக்காக மேடை ஏறுகிற தோழர்களே, உங்கள் குரலுக்கு அங்கே காது கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்தியில் எழுத வராது, தெலுங்கு தெரியாது. இந்த மடலை அந்த மொழிகளில் ஆக்கி, சேர வேண்டியவர்களிடம் சேருங்கள்.

இங்கே இப்போது காற்றுக் காலம். தேரி மணலில் செயற்கைக்கால் புதைகிறது. மூட்டுக்குள் மண் ஏறிவிடுகிறது. வேர்வை தேங்கி முழங்கால் புண்ணாகி, சில நாள் அண்ணன் மகன் காலைக் கழற்றி ஓலை வேலியில் சாய்த்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். மேலே அவன் அப்பா பாளை சீவிக்கொண்டிருப்பார். அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறது. இடத்தையும் எண்ணிக்கையையும் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சாப்பர் ஒருவன்
திசையன்விளை வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்